வீட்டு வேலைப் பெண்களிடம் போகும் பிள்ளைகளுக்கு

மறைமாவட்டச் சமூகப் பணி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சங்கமாகத் திரட்டும் பொறுப்பு உங்களுக்கு. போகும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பங்குத்தந்தை இல்லத்தில் சமைக்கும் அக்காவுக்கு என்ன சம்பளம்? நம் பள்ளியில் கழிவறை கழுவுபவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பு உண்டா? கேட்டால், "இது சேவை நிறுவனம்" என்பார்கள். சேவை செய்வதென்று அந்த அக்கா முடிவெடுக்கவில்லை. அவர் பிழைப்புக்கு வந்தவர். தொழிலாளி தானாக ஒப்புக்கொண்ட கூலியாகவே இருந்தாலும், அது பிழைக்கப் போதாவிட்டால் அநீதிதான் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே சுற்றுமடல் எழுதிவிட்டார். அதை மேடையில் பேசுகிறோம், சம்பளப் பதிவேட்டில் காணோம். அன்பியக் கூட்டத்திலும் கேளுங்கள்: வேலைக்கு வரும் பெண்ணுக்கு எத்தனை கத்தோலிக்க வீடுகளில் தனி டம்ளர்? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நம்மவர்கள்தாம். இதைப் பேசாமல் அடுத்த தெருவுக்கு நியாயம் கேட்கப் போனால், அந்தப் பெண்களே உங்களை நம்ப மாட்டார்கள்.

2. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள். பள்ளிவாசல் தெரு அக்காவும் அம்மன் கோயில் தெரு அக்காவும் அந்தப் படியேறத் தயங்குவார்கள். சத்துணவுக் கூடமோ தெருமுனை மரத்தடியோ போதும். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறு, ரமலான் நோன்பு திறக்கும் நேரம், தவக்கால வெள்ளியின் சிலுவைப்பாதை, எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெபமாலை, சுரூபம், துண்டுப் பிரசுரம் எதுவும் உங்கள் பையில் இருக்கக் கூடாது. மதமாற்றப் பேச்சு எழுந்தால் நீங்கள் மையத்துக்குத் திரும்பிவிடலாம்; அவர்கள் அதே தெருவில்தான் வாழ வேண்டும். 1985இல் மும்பையில் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய சிஸ்டர் ஜீன் டெவோஸ் ஒரு கத்தோலிக்கக் கன்னியர்தான். ஆனால் அந்த இயக்கத்தில் எல்லா மதத்துப் பெண்களும் இருக்கிறார்கள்.

3. பிற்பகலில் போங்கள். காலை வீடுகள் முடிந்து மாலை வீடுகள் தொடங்கும் வரைதான் அவர்களுக்கு உட்கார நேரம்.

4. வீட்டுப் பணியாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 2007இல் வந்தது. பதிவு செய்து வைப்பதோடு வேலை முடியாது, புதுப்பிக்கவும் வேண்டும். அந்தத் தேதி தவறினால் அறுபது வயதில் ஓய்வூதியம் கேட்கும்போது அலைச்சல்தான். தேதியை அவர்களின் வாரிய அட்டையின் பின்புறம் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அட்டையை மையத்து அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அது அந்தப் பெண்ணின் கையில் இருக்கட்டும்.

5. வேலை செய்யும் வீட்டில் ஆண் யாராவது தவறாக நடந்தால் பெரும்பாலான பெண்கள் வெளியே சொல்லாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வீட்டையும் பணியிடமாகவே பார்க்கிறது. மாவட்டத்திலுள்ள புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் அக்குழு ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அனுப்பியாக வேண்டும். இந்த இரண்டு கெடுவையும் மனப்பாடமாக வைத்திருங்கள். அந்தப் பெண் பேசும்போது குறிப்பேட்டை எடுக்காதீர்கள். அழுது முடிக்கட்டும். பெயர் உங்கள் சக ஊழியருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை.

6. வெளிநாட்டு நிதியை நம்பிச் சங்கம் கட்டாதீர்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவே முடியாது. சந்தா சிறிதாக இருக்கட்டும், ஆனால் மாதம் தவறக் கூடாது. ரசீதை அவர்களில் ஒருவரே எழுதட்டும்.

7. வீட்டு வேலைத் தொழிலாளருக்கான 189ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் ஏற்றது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி ஆட்சியரிடம் மனு கொடுங்கள். பள்ளிவாசல் இமாமையும் அம்மன் கோயில் தர்மகர்த்தாவையும் சி.எஸ்.ஐ. ஆயரையும் உடன் அழையுங்கள். அவர்கள் நிற்கட்டும், பேசுவது வேலை செய்யும் பெண்ணாக இருக்கட்டும். முந்தின நாளே அவருடன் உட்கார்ந்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிடுங்கள். அன்றைய கூலி போகுமென்றால் சங்கப் பணத்திலிருந்து கொடுங்கள். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் ஆட்சியர் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள்.