ரங்கனதிட்டில் ஒரு விடுமுறைக் காலை

மைசூருக்கு அருகே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிக் காவிரியின் நடுவே சிறு தீவுகளாய்க் கிடப்பதும், பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி அவர்களின் யோசனையின்பேரில் 1940-ல் பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டதுமான ரங்கனதிட்டுக்குப் போக உத்தேசிப்பவர்கள், ஆற்றின் மேற்புறத்து அணையிலிருந்து வெள்ளம் திறந்துவிடப்பட்டால் படகுகள் நின்றுபோகும் மழைக்காலத்தைத் தவிர்த்து, கூடுகள் நிறைந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களில், வெயில் ஏறுமுன் போய்ச் சேர்வது உசிதம். துடுப்புப் படகில் அமர்ந்தபின் கையை நீரில் அளையவிட வேண்டாம். பாறைமீது பாறையாகவே கிடப்பவை முதலைகள். கரண்டிவாயனும் நத்தைகுத்தி நாரையும் குஞ்சுகளுக்கு இரையூட்டும் காட்சியைச் சாவதானமாகக் காண, மங்கிய நிற உடையும், ஒரு பைனாகுலரும், எல்லாவற்றிற்கும் மேலாக மௌனமும் தேவை. (என்போன்ற வாயாடிகளுக்கு மூன்றாவதுதான் சிரமம்.) கரையில் மரத்தடியில் நிற்பதாயின் தலைக்கு ஒரு தொப்பி அவசியம், காரணத்தை மேலே அமர்ந்திருக்கும் பறவைகளே தெரிவித்துவிடும்.