அழுக்கு வேறு, தீட்டு வேறு, கிருமி வேறு
(இம்மாதக் குழுக் கூட்டத்திற்கான பாடம்)



இந்த மாதம் "சுத்தம்" பற்றிப் பேசப் போகிறோம். "இதுல பேச என்ன இருக்கு? எங்களுக்குத் தெரியாத சுத்தமா?" என்று கேட்பீர்கள். தெரியும்தான். ஆனாலும் உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் சுத்தம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது என்பார் ஒருவர். குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது என்பார் இன்னொருவர். வீட்டோடு கக்கூஸ் இருந்தால்தான் சுத்தம் என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "சாமி படம் இருக்குற வீட்டுல அது வேறயா?" என்று முகம் சுளிப்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிவது அழுக்கு. நாற்று நட்டுவிட்டு வரும்போது காலில் இருக்கும் சேறு, சட்டி பானையில் இருக்கும் கரி. இது கழுவினால் போய்விடும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நம் மனசில் ஏறியது தீட்டு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, சோப்புப் போட்டாலும் போகாது, ஊருக்கு ஊர் மாறும். மூன்றாவது கிருமி. இதையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சீழ் எல்லாம் இதனால்தான் வருகிறது. உள்கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். "வைத்தியச் செலவு" என்று எழுதிய கடன்களில் எத்தனை இந்த மூன்றாவதால் வந்தது என்று யோசியுங்கள்.

இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆபத்து. கைக்குழந்தையின் மலத்தை யாரும் அசிங்கமாக நினைப்பதில்லை. "பால் குடிக்கிற பிள்ளை, அதுல என்ன இருக்கு" என்று துணியில் துடைத்துவிட்டு அதே கையால் மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். பெரியவர்கள் மலத்தில் இருக்கிற மாதிரியே குழந்தை மலத்திலும் நோய்க் கிருமி உண்டு. சீம்பாலுக்கு இது அப்படியே தலைகீழ். மஞ்சளாக, கெட்டியாக இருப்பதால் "கெட்டுப்போன பால்" என்று பீய்ச்சிக் கீழே விட்ட வீடுகள் எத்தனையோ. பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கொடுக்கிற முதல் மருந்து அதுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சாணியையும் சொல்ல வேண்டும். வாசல் தெளிக்க, மெழுக நாம் சாணியைச் சுத்தமாக நினைக்கிறோம். அந்த நினைப்பில் சில இடங்களில் பச்சைப் பிள்ளையின் தொப்புள் கொடியிலும் சாணியோ சாம்பலோ வைத்தார்கள். சாணியிலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். அதில் இறந்த குழந்தைகள் ஏராளம். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், தொப்புளில் எதையும் வைக்காமல் காய விடுவது என்று பல ஆண்டுகள் பாடுபட்ட பிறகுதான், தாய்க்கும் பச்சைப் பிள்ளைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது.

படிக்காத ஜனங்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். படித்த டாக்டர்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1840-களில் டாக்டர் வார்டில் 100 தாய்மாரில் சுமார் 10 பேர் பிரசவ ஜன்னியில் இறந்தார்கள். மருத்துவச்சி வார்டில் 4 பேருக்கும் குறைவு. அந்த ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. "டாக்டர் வார்டு வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சுவார்களாம். அங்கே போவதற்குப் பயந்து தெருவிலேயே பெற்றவர்களும் உண்டு.

செம்மல்வைஸ் என்ற டாக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். காலையில் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவ வார்டுக்கு வந்தார்கள். கை பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. 1847-இல் அவர் எல்லாரையும் சுண்ணாம்பு கலந்த குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அது வேறொன்றுமில்லை, பஞ்சாயத்துத் தொட்டியில் போடுகிறார்களே அதே பிளீச்சிங் பவுடர்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் 100-க்கு 18 என்று இருந்த சாவு ஜூனில் 2 ஆனது. இருந்தும் பல டாக்டர்களுக்குக் கோபம். "எங்க கையா அழுக்கு?" என்ற ரோஷம். 1865-இல் அவர் மனநோய் விடுதியில் இறந்தார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்கப்புறம்தான்.

அங்கே சுத்தம் என்று நினைத்த கை கொன்றது. நம் ஊரில் அசுத்தம் என்று ஒதுக்கி வைத்ததில் ஒரு அசுத்தமும் இல்லை. மாதவிலக்கைத்தான் சொல்கிறேன். "கெட்ட ரத்தம் வெளியே போகுது" என்பார்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. பிள்ளை தங்குவதற்காகக் கர்ப்பப்பையில் உருவான மெத்தை, பிள்ளை தங்காததால் கரைந்து ரத்தத்தோடு வருகிறது. ஒரு மாதத்துக்கு மொத்தமே சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு. ரத்தசோகை வரும், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் அழுக்கு இல்லை. அதை மறைப்பதில்தான் வருகிறது வினை. துணியை யாரும் பார்க்கக் கூடாது என்று அவசரமாக அலசி, கட்டிலுக்கு அடியிலோ ஓலை இடுக்கிலோ ஈரத்தோடு சொருகி, அடுத்த நாள் அரைகுறையாகக் காய்ந்ததை எடுத்துக் கட்டுகிறோம். அந்த ஈரத்தில் கிருமி பெருகி அரிப்பும் புண்ணும் வரும். துணி வைப்பது தப்பில்லை. சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். துணியோ நாப்கினோ, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதற்கு வெயில் விழும் ஒரு கொடியும் தண்ணீர் உள்ள மறைவிடமும் போதும். தீட்டுப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு விஷயம், இந்தப் பாடத்தில் அதற்குத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் "வீட்டுக்குத் தூரம்" என்று ஒரு பிள்ளையை மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்தால், கொசுவும் பாம்பும் தீட்டுப் பார்க்காது.

அளவுக்கு மீறிய சுத்தமும் கெடுதல். பிறப்புறுப்பின் உள்ளே சோப்போ டெட்டாலோ விட்டுக் கழுவாதீர்கள். அங்கே நம்மைக் காக்கும் நல்ல கிருமிகள் உண்டு, அவை செத்தால் கெட்டது குடியேறும். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். நிறமில்லாமல் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயற்கை. நாற்றம், அரிப்பு, பச்சை நிறம் இருந்தால் கிராம செவிலியரிடம் சொல்லுங்கள்.

மனுஷரைத் தீட்டு என்பதையும் பேசாமல் விட முடியாது. நம் மலத்தை அள்ளியவர் தீட்டு, போட்ட நாம் சுத்தம் என்று ஊர் கணக்குப் போட்டது. மலத்தைக் கையால் அள்ள வைப்பது 2013 சட்டப்படி குற்றம். இருந்தும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இன்றும் ஆள் சாகிறார்கள். புதிதாகக் கக்கூஸ் கட்டுகிறவர்கள் இரட்டைக் குழி போடுங்கள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட்டால், ஒன்றரை இரண்டு வருஷத்தில் மூடிய குழியில் இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். அதை அள்ள வேறு யாரையும் தேட வேண்டாம், நம் வீட்டு ஆளே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

கூட்டத்தில் செய்ய: ஊக்குநர் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கலர் கோலப்பொடியும் கொண்டு வரவும். இரண்டு உறுப்பினர்கள் கையில் தடவுங்கள். ஒருவர் வெறும் தண்ணீரில் கழுவட்டும், மற்றவர் சோப்புப் போட்டு நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவட்டும். இரண்டு கையையும் எல்லாருக்கும் காட்டுங்கள். பிறகு அவரவர் வீட்டில் எதைத் தீட்டு என்கிறார்கள், அதில் கிருமி உண்டா இல்லையா என்று ஒவ்வொருவராகச் சொல்லட்டும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் இருவரையும் பேச விடுங்கள், நடுவில் யாரும் குறுக்கிட வேண்டாம். துணி காய வைக்க வெயில் விழும் இடம் இல்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணி, கூட்டப் பதிவேட்டில் எழுதி அடுத்த மாதம் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து அதே பக்கத்தில் எழுதவும்.