ஒரு வேளைக்கு ஒரு திரவம்

ரேணிகுண்டா சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் கவனித்திருப்பார்கள். அரக்கோணம், கூடூர், குண்டக்கல், திருப்பதி என நான்கு திசைகளிலிருந்தும் வரும் இருப்புப் பாதைகள் அங்கே கூடுகின்றன. தனித்து ஓடும் வண்டியால் தீங்கில்லை. ஒரே தடத்தில் இரண்டு வண்டிகள் எதிர்ப்படலாகாது என்பதற்காகவே அத்தனை சிக்னல்களும் கொடிகளும் விளக்குகளும். நம் வீட்டுக் குளியலறை அலமாரியும் அத்தகைய ஒரு சந்திப்புதான். ஆனால், அங்கே சிக்னல் இல்லை.

அந்த அலமாரியில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் அருகருகே இருக்கும். ஒன்று, கழிப்பறைக் கறையைப் போக்கும் ஆசிட் அல்லது அமிலம் கலந்த திரவம். மற்றொன்று, துணியை வெளுக்கவும் கிருமிகளை ஒழிக்கவும் பயன்படும் பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவம். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக் கறை எளிதில் போகாதபோது, "ஒன்றே இவ்வளவு வேலை செய்கிறதே, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே" என்ற எண்ணம் யாருக்கும் தோன்றக்கூடியதே. ஆபத்து அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

கலந்தால் நிகழ்வது என்ன?

பிளீச்சின் ஆற்றல் அதிலுள்ள ஹைப்போகுளோரைட் என்னும் சேர்மத்தில் அடங்கியிருக்கிறது. அமிலம் பட்டவுடன் அச்சேர்மம் சிதைந்து குளோரின் வாயு வெளிப்படுகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரெஸ் போர்க்களத்தில் படைவீரர்கள்மீது ஏவப்பட்ட வாயு இதுவே. மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அங்குள்ள மென்மையான திசுக்களை அரிப்பது இதன் இயல்பு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானதாகையால் தரையை ஒட்டியே பரவும். குனிந்தும் மண்டியிட்டும் தரையைத் தேய்ப்பவரும், அருகே விளையாடும் குழந்தையுமே முதலில் அதைச் சுவாசிப்பார்கள்.

எவ்வளவு கலந்தால் ஆபத்து? ஐந்தடி நீளம், ஆறடி அகலம், எட்டடி உயரமுள்ள குளியலறையில் சுமார் 6,800 லிட்டர் காற்று இருக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு குளோரின் கலந்தாலே அது உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வரையறுத்துள்ளது. கதவும் சன்னலும் மூடிய அந்த அறையில் அந்த அளவை எட்ட, 4 சதவீத பிளீச் திரவம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர், முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் போதும். நாம் ஊற்றுவதோ அரைக் குவளை, ஒரு குவளை.

இத்தனைக்கும் இக்கலவையால் பயனில்லை. பிளீச்சின் வெளுக்கும் ஆற்றல் வாயுவாகப் பறந்துவிடுகிறது. அமிலமும் அந்த வினையில் செலவழிந்துவிடுகிறது. கறை மட்டும் எஞ்சுகிறது.

ஆலைக்கு அப்பால்

நச்சுவாயு என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஆலைகளே. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்து பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு அருகே ஒரு பால் பதன ஆலையில் அம்மோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலையைக் கண்காணிக்க ஆய்வாளர்கள் உண்டு. குளியலறைக்கு நாம்தான் ஆய்வாளர்.

2019 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் பர்லிங்டன் நகர உணவகம் ஒன்றில், தரையில் சிந்தியிருந்த அமிலத் திரவத்தின்மேல், அதை அறியாத மற்றோர் ஊழியர் பிளீச் கலந்த திரவத்தை ஊற்றினார். கலவை பச்சை நிறமாகி நுரைத்தது. அதை வெளியே தள்ளிவிட முயன்ற மேலாளர் உயிரிழந்தார். இதில் நமக்குப் பாடங்கள் இரண்டு. வேண்டுமென்றே கலக்காவிட்டாலும், முன்பு ஊற்றியதன் எச்சம் போதும். வாயு கிளம்பியபின் அதைச் சுத்தம் செய்ய முயல்வது பேராபத்து.

பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் காய்கறிகளைக் கழுவ, பிளீச், வினிகர், வெந்நீர் மூன்றையும் தொட்டியில் கலந்து, மூச்சுத் திணறலோடு மருத்துவமனை சென்றார். சமையலறையின் மென்மையான அமிலமும் தீங்கு செய்யும் என்பதற்கு இதுவே சான்று. பித்தளைக்குத் தேய்க்கும் புளியும் எலுமிச்சையும் அமிலங்களே. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பிளீச்சோடு சேர்ந்தால், குளோரமின் என்னும் வேறொரு நச்சுவாயு உண்டாகும். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச் ஊற்றினாலும் அதுவே நிகழும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரு வேளைக்கு ஒரு திரவம் மட்டும். ஆசிட் ஊற்றிய இடத்தைத் தாராளமாக நீர்விட்டுக் கழுவி, பிளீச்சை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள்.

2. கதவையும் சன்னலையும் திறந்து வைத்தே வேலையைத் தொடங்குங்கள்.

3. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குடிநீர்ப் புட்டியில் மாற்றி ஊற்றவே கூடாது.

4. வீட்டுவேலை செய்யும் பெண்மணியிடம் நேரில் எடுத்துச் சொல்லுங்கள். தெலுங்கும் தமிழும் ஒருங்கே புழங்கும் ரேணிகுண்டா போன்ற ஊரில், புட்டியின் ஆங்கிலச் சீட்டு எல்லோருக்கும் புரிந்துவிடாது. ஆசிட்டுக்குச் சிவப்பு நாடா, பிளீச்சுக்கு நீல நாடா ஒட்டினால் எழுத்தறியாதவருக்கும் விளங்கும்.

ஜப்பானில், 1980-களின் இறுதியில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பின், இத்தகைய புட்டிகளில் "கலக்காதே, ஆபத்து" என்னும் வாசகம் பெரிய எழுத்தில் இடம்பெறலாயிற்று. அந்த வாசகத்தை நம் வீட்டில் நாமே எழுதி ஒட்டலாம்.

தவறிக் கலந்துவிட்டால், கண் எரிச்சலோ இருமலோ தோன்றிய கணமே அனைவரும் வெளியேறுங்கள். எடுத்ததை எடுத்தபடியே விட்டுவிடுங்கள்; நீர் ஊற்றத் திரும்பிச் செல்லாதீர்கள். திரவம் பட்ட உடையைக் களைந்து, கண்ணைத் தூய நீரால் 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆகவே, இருமல் தணிந்தது என்று அலட்சியம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்திரத்தைப் படித்த பின்னரே கையொப்பமிடுகிறோம். அந்த நிதானம் புட்டியின் மூடியைத் திறக்கும்போதும் வேண்டும். ஒரு வண்டி கடந்த பின்னரே மறு வண்டிக்குச் சிக்னல் விழும். நம் வீட்டில் அந்தச் சிக்னல் ஒரு வாளித் தண்ணீரும் சற்றுப் பொறுமையுமே.