விதி மாறினா யாருக்குச் செலவு? ராலி கார்கள் சொல்லித்தரும் பாடம்



இந்த வார எபிசோடுல நேரம் பத்தாம பாதியில விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. உலக ராலி சாம்பியன்ஷிப்ல, அதாவது டபிள்யூஆர்சியில, 2022ல ஹைப்ரிட் கார்களைக் கொண்டு வந்தாங்க. 2025ல ஹைப்ரிட்டைத் தூக்கிட்டாங்க. 2027க்கு மறுபடியும் புது விதி. ஏன் இப்படி? "செலவு அதிகம்"னு எல்லாரும் ஒரே வரியில முடிச்சிடுறாங்க. அந்தச் "செலவு"ங்கிற சொல்லைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் இன்னைக்குப் பாடம். கார் பிடிக்காதவங்களும் படிங்க. நாளைக்கு ஆபீஸ்ல உதவும்.

ராலி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது ஃபார்முலா 1 மாதிரி வட்டப் பாதையில சுத்துற பந்தயம் இல்ல. காட்டுப் பாதை, மலைப் பாதை, பனி, சேறு. கார்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்பும், கடிகாரத்தோடதான் போட்டி. 2017ல வேல்ஸ்ல நடந்த சுற்றை நான் மழைக்கோட்டு போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள நின்னு பார்த்தேன். உள்ளூர்க்காரர் எல்ஃபின் எவன்ஸ் ஜெயிச்சார். அதே வாரம் செபாஸ்டியன் ஓஜியே சாம்பியன் ஆனார், அவங்க ரெண்டு பேரோட அணியான எம்-ஸ்போர்ட்டுக்கு உற்பத்தியாளர் பட்டமும் கிடைச்சது. எம்-ஸ்போர்ட் ஒரு கார் கம்பெனி இல்ல. கம்ப்ரியாவுல இருக்கிற தனியார் நிறுவனம். ஃபோர்டு கார்களை ராலிக்குத் தயார் பண்ணுறாங்க. இந்தக் கட்டுரை முழுக்க அவங்களை ஞாபகம் வெச்சுக்கோங்க. விதி மாறும்போது டொயோட்டா, ஹூண்டாய்க்கு வலிக்கிறதைவிட இவங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் அதிகமா வலிக்கும்.

முதல்ல கொஞ்சம் வரலாறு

1982ல வந்த குரூப் பி விதிப்படி 200 கார் தயாரிச்சா போதும், அந்த மாடலைப் பந்தயத்துக்குக் கொண்டு வரலாம். விளைவு, சாலைக் கார் மாதிரி தெரியுற ராக்கெட்டுகள். 1986 மே மாதம் கோர்சிகா தீவுல ஹென்றி டொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அவங்க லான்சியா கார் தீப்பிடிச்சு இறந்தாங்க. அந்த வருஷம் போர்ச்சுகல்ல பார்வையாளர்களும் உயிரிழந்திருந்தாங்க. 1987ல இருந்து குரூப் பி கிடையாதுன்னு உடனடியா முடிவாச்சு. உயிர் சம்பந்தப்பட்ட மாற்றத்துக்கு "ரெண்டு வருஷ நோட்டீஸ் குடு"ன்னு யாரும் கேட்க முடியாது. அது நியாயமான அவசரம்.

அடுத்து வந்த குரூப் ஏ விதிக்கு 5000 கார் தயாரிக்கணும். லான்சியா கையில அதுக்கு ஏத்த டெல்டா இருந்தது. 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு உற்பத்தியாளர் பட்டம். பியூஜோகிட்ட அப்படி ஒரு கார் இல்ல. தன் 205 டர்போ 16ஐ டக்கார் பந்தயத்துக்குக் கொண்டு போயிடுச்சு. ஒரே விதி மாற்றம், ஒருத்தருக்குப் பொற்காலம், இன்னொருத்தருக்கு வெளியேறும் கதவு.

1997ல "வேர்ல்டு ராலி கார்" விதி வந்தது. சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, டர்போவும் நாலு சக்கர இயக்கமும் பொருத்திப் பந்தயக் காரா மாத்தலாம்; அதுக்குன்னு ஆயிரக்கணக்கில் தனி மாடல் விற்க வேண்டியதில்ல. நுழைவுச் செலவு குறைஞ்சதும் ஆட்கள் வந்தாங்க. 2001ல ஆறு உற்பத்தியாளர்கள் போட்டியில இருந்தாங்க. 2022ல ஹைப்ரிட் வந்தப்போ இருந்தது மூணு பேர்: டொயோட்டா, ஹூண்டாய், எம்-ஸ்போர்ட் ஃபோர்டு.

ஹைப்ரிட்டுல என்ன இருந்தது?

2022ல வந்த ராலி1 கார்ல 1.6 லிட்டர் டர்போ என்ஜினோட 100 கிலோவாட் மின் மோட்டார், 3.9 கிலோவாட் மணி பேட்டரி. ரெண்டும் சேர்ந்து ஓடும்போது 500 குதிரை சக்திக்கு மேல. மோட்டாரும் பேட்டரியும் சீல் வெச்ச ஒரே பெட்டி. மூணு அணிக்கும் அதை ஒரே ஜெர்மன் சப்ளையர் கொடுத்தாங்க. அணிகள் தாங்களே திறந்து ரிப்பேர் பண்ண முடியாது. கார்ல ஒரு விளக்கு இருக்கும்: பச்சைன்னா பாதுகாப்பு, சிவப்புன்னா தொடாதே. பலமா இடிச்சு விளக்கு சிவப்பானா, கார் ஓடுற நிலையில இருந்தாலும் அன்றைய ஓட்டம் முடிஞ்சது.

நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடு கையில இல்லாத ஒரே வெண்டர்கிட்ட மாட்டிக்கிறது. எல்லாருக்கும் ஒரே பெட்டிங்கிறதால ஆளுக்கு ஆள் ஆராய்ச்சிச் செலவு மிச்சம். ஆனா பிரச்சினை வந்தா யாரும் தாங்களே சரி பண்ணிக்க முடியாது.

2024: ஒரே வருஷத்துல மூணு முடிவு

பிப்ரவரியில எஃப்ஐஏ அறிவிச்சது: 2025ல ஹைப்ரிட் கிடையாது, எடையும் ஏரோடைனமிக்ஸும் குறையும், கீழ்நிலை ராலி2 கார்களுக்குக் கூடுதல் சக்தி தர்ற கிட் வரும். மூணு அணிகளும் ஒண்ணா எதிர்த்தாங்க. அவங்க வாதம் எளிமையானது: "2026 வரைக்கும் இதே விதின்னு நம்பித்தானே முதலீடு பண்ணினோம்?" ஜூன்ல எஃப்ஐஏ பின்வாங்கியது, இருக்கிற விதியே 2026 வரை தொடரும்னாங்க. நவம்பர்ல மறுபடியும் ஒரு முடிவு: 2025ல ஹைப்ரிட் பெட்டி வேண்டாம். அடுத்த சீசனோட மோன்டே கார்லோ ராலிக்கு ரெண்டு மாசம் சொச்சம்தான் இருந்தது.

இங்கதான் கவனிக்கணும். பிப்ரவரியில எதிர்த்த அணிகள் நவம்பர்ல ஏன் ஒத்துக்கிட்டாங்க? என் கணிப்பு இது. பிப்ரவரித் திட்டத்துல காரோட வடிவத்தையே மறுபடி வேலை செய்யணும். நவம்பர்ல பெட்டியை எடுத்துட்டு, குறைந்தபட்ச எடையை 1260 கிலோவில இருந்து 1180 கிலோவா இறக்கி, என்ஜினுக்குள்ள காற்று போற துவாரத்தை 36 மில்லிமீட்டர்ல இருந்து 35ஆ சுருக்கினாங்க. எடை குறைஞ்ச அளவுக்கு சக்தியும் கொஞ்சம் குறையும், மத்த கார் அப்படியே. முதலாவது முழு ரீரைட். ரெண்டாவது ஒரு லைப்ரரியை எடுத்துட்டு ரெண்டு கான்ஃபிக் எண்ணை மாத்துறது.

ரெண்டு விதமான பில்

சில வருஷம் முன்னாடி ஒரு கான்ட்ராக்ட்ல எட்டு மாசம் ஒரு சிஸ்டத்தைப் புது பிளாட்ஃபார்முக்கு மாத்திக்கிட்டிருந்தோம். முக்கால்வாசி முடிஞ்சப்போ மேலிடம் வேற பிளாட்ஃபார்ம்னு முடிவெடுத்தது. காரணம், மாத வாடகை குறைவு. ஸ்ப்ரெட்ஷீட்ல அது லாபம்தான். அதுல எங்க எட்டு மாசம் எந்தக் கட்டத்துலயும் இல்ல. என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கல. எனக்கு அடுத்த வேலை கிடைச்சது. என்கூட இருந்த, அப்போதான் படிப்பு முடிச்சு வந்த தம்பி ஒருத்தனுக்கு அது முதல் வேலை; அவனுக்கு அடுத்தது கிடைக்க நாளாச்சு. அப்போ நான் பழைய பிளாட்ஃபார்மைத்தான் திட்டினேன். தப்பு. பிளாட்ஃபார்மோட விலை ஒரு பில், முடிவை மாத்துறதோட விலை வேற பில். ரெண்டாவதை முடிவெடுக்கிறவங்க கட்டுறது ரொம்ப அபூர்வம்.

ராலியில இதுக்குப் பெரிய உதாரணம் ஃபோக்ஸ்வாகன். 2017 புது விதிக்காக ஒரு போலோ காரையே உருவாக்கிட்டு, 2016 கடைசியில போட்டியை விட்டு விலகினாங்க. அந்தக் கார் உலக சாம்பியன்ஷிப்ல ஒரு மீட்டர்கூட ஓடல. பெரிய கம்பெனி, தாங்கிக்கும். எம்-ஸ்போர்ட் மாதிரி நிறுவனம் அப்படி ஒரு காரை அலமாரியில வெச்சா, அடுத்த மாசச் சம்பளம் எங்கேருந்து வரும்?

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. 2013ல வந்த ஆர்5 பிரிவு, இப்போ பேர் ராலி2. விலைக்கு உச்சவரம்பு வெச்சாங்க, விதியை அடிக்கடி கலைக்கல. ஸ்கோடா தன் ஃபாபியாவை நூற்றுக்கணக்கில் வித்தது. உள்ளூர் ஓட்டுநர் ஒரு காரை வாங்கினா பல வருஷம் ஓட்டலாம், அப்புறம் விக்கவும் முடியும். நிலையான ஏபிஐ இருந்தா சுத்தி ஒரு சந்தையே உருவாகும்னு சொல்வோமே, அதேதான்.

2027: என்ன நம்பலாம்?

2024 டிசம்பர்ல எஃப்ஐஏ உறுதி பண்ணின 2027 விதியில இந்தப் பாடம் தெரியுது. காருக்கு 345,000 யூரோ உச்சவரம்பு. ராலி1 விலையில பாதிக்கும் கீழ. சுமார் 300 குதிரை சக்தி. ராலி2 பாகங்களையே பயன்படுத்தலாம். கார் கம்பெனி இல்லாத தனிப் பட்டறைகளும் கார் கட்டலாம். விதியோட ஆயுள் 10 வருஷம்.

எதிர்வாதத்தையும் கேட்கணும். "உலகத்துலயே உயர்ந்த பிரிவு, 500 குதிரை சக்தியில இருந்து 300க்கு இறங்கணுமா?"ன்னு ரசிகர்கள் கேக்கிறதுல நியாயம் இருக்கு. காரோட விலைக்கு வரம்பு வெச்சாலும் டெஸ்டிங், ஆட்கள், கண்டம் விட்டு கண்டம் சரக்கு அனுப்புறதுன்னு மத்த பில் அதுல அடங்காது. ஆனாலும் என்னைக் கேட்டா, அந்த அறிவிப்புலயே மதிப்பு வாய்ந்த எண் 345,000 இல்ல. 10. அதை மட்டும் காப்பாத்தினா, யாராவது ஒருத்தர் வங்கிக்குப் போய்க் கடன் கேட்க முடியும், ரெண்டு பசங்களைப் பயிற்சிக்கு எடுக்க முடியும்.

வீட்டுப்பாடம்

உங்க வேலையிலயோ யூனி ப்ராஜெக்ட்லயோ "இதை மாத்தினா செலவு குறையும்"னு அடுத்த தடவை யாராவது சொன்னா, மூணு கேள்வி கேளுங்க.

1. பழையதுக்காக ஏற்கெனவே செலவு பண்ணினது யார்? அது இந்தக் கணக்குல இருக்கா?
2. இது முழு ரீரைட்டா, இல்ல ஒரு பாகத்தை மட்டும் எடுக்கிறதா?
3. புது முடிவு எத்தனை வருஷம் நிக்கும்? யார் எழுதிக் கொடுத்திருக்காங்க?

மூணாவதுக்குப் பதில் வரலன்னா, முதல் ரெண்டையும் இன்னொரு தடவை சத்தமா கேளுங்க. உங்க பதில்களை இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க. தமிழ்ல தட்டச்சு வராதவங்க குரல் பதிவா அனுப்பினாலும் சரி. நல்லதா ரெண்டை அடுத்த எபிசோடுல வாசிக்கிறோம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.