ஆயுள் சந்தாவும் அரசு மானியமும்

கேள்வி: எங்கள் ஊரில் முப்பது வருடமாக ஒரு வெளிநாட்டு நட்புறவுக் கழகம் நடத்துகிறோம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இளைஞர்கள் கண்ணிலேயே படுவதில்லை. மானியம் ஏதாவது கிடைத்தால் பெரிய கலைவிழா ஒன்று நடத்தி, அந்த வேகத்தில் உறுப்பினர்களைச் சேர்த்துவிடலாம் என்று யோசிக்கிறோம். எங்கே விண்ணப்பிக்கலாம்? (கொங்கு மண்டலத்திலிருந்து ஒரு செயலாளர்)

பதில்: எங்கே என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் பீரோவைத் திறந்து உறுப்பினர் பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வையுங்கள்.

உங்கள் பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் 'காலமானார்'. சிலவற்றில் 'மகனோடு அமெரிக்காவில்'. பல முகவரிகளில் பின்கோடு இருக்காது, கைபேசி எண் கட்டமே இருக்காது. நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தில் ஆண்டுவிழா அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினோம். மறுவாரம் உறைகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. அந்த நிலையிலும் எங்கள் விண்ணப்பங்களில் உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் குறையாமல் கம்பீரமாக நின்றது. காரணம், ஆயுள் உறுப்பினர்கள்.

இந்த ஆயுள் சந்தாதான் நம் சங்கங்களின் முதல் ஓட்டை. ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய், ஆயுள் சந்தா 2,000 என்று வையுங்கள். அந்த 2,000 ரூபாயை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 140 ரூபாய் வரும். அந்த உறுப்பினருக்கு அனுப்பும் செய்திமடல், தபால் செலவு, கூட்டத்து டிபன் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். ஆக, ஒவ்வொரு ஆயுள் உறுப்பினரும் வருடாவருடம் கழகத்துக்கு நஷ்டம். போதாக்குறைக்கு, அந்த 2,000 ரூபாயை அந்த வருட விழாவுக்கே செலவழித்திருப்பீர்கள். ஆயுள் சந்தா என்று ஒன்று வேண்டுமானால் ஆண்டுச் சந்தாவைப்போல் 15 முதல் 20 மடங்கு வையுங்கள். வந்த பணம் முழுவதும் வைப்புநிதிக்குப் போகட்டும். பழைய ஆயுள் உறுப்பினர்களிடம் கைவைக்க வேண்டாம், சண்டை வரும். 'ஆண்டு நன்கொடை' என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பலர் கொடுப்பார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். சந்தா விகிதத்தை மாற்றத் துணைவிதியைத் திருத்தவேண்டி வந்தால், பொதுக்குழுத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடுங்கள்.

இனி கலைவிழா. மண்டபம், ஃபிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு, சாப்பாடு. மானியப் பணம் ஒரே மாலையில் கரைந்துவிடும். வாசலில் ஒரு நோட்டு வைத்துப் பெயரும் எண்ணும் எழுதி வாங்குவீர்கள். மறுநாள் அந்த எண்களைக் கூப்பிட ஆள் இருக்காது. விழாவுக்கு வந்தவர் உறுப்பினராவது விழாவுக்கு அடுத்த மூன்று வாரத்தில்தான். அந்த மூன்று வாரத்துக்குத்தான் பணம் தேவை.

ஆகவே மானியத்தில் ஒரு மனிதரைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஜப்பானோடு நட்புறவு வளர்க்க 2002 முதல் நடந்துவரும் ஒரு திட்டத்தில், விழாவுக்குப் பணம் கொடுப்பதற்குப் பதிலாக ஜப்பானிலிருந்து ஓர் ஒருங்கிணைப்பாளரை இரண்டு வருடத்துக்கு ஓர் ஊரில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். ஜப்பான் ஃபவுண்டேஷனின் பங்களிப்பு அதில் உண்டு. அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவார், நூலகத்தில் காகித மடிப்பு சொல்லிக் கொடுப்பார். நமக்கு அவ்வளவு வேண்டாம். பகுதிநேரமாக ஓர் உறுப்பினர் உதவியாளர் போதும். பட்டப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்ணோ பையனோ, வாரத்தில் மூன்று நாள். பதிவேட்டைச் சுத்தம் செய்வது, புதியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பது, சந்தா முடியும் மாதத்துக்கு முந்தின மாதமே யு.பி.ஐ. கோடு அனுப்புவது, பணம் வந்த அன்றே ரசீது அனுப்புவது. இவ்வளவுதான் வேலை.

அவரிடம் மாதாமாதம் நீங்கள் கேட்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை சந்தா கட்டினார்கள்? புதிதாகச் சேர்ந்தவர் எண்ணிக்கையைச் சொல்லி உங்களை மயக்கப் பார்ப்பார், மயங்காதீர்கள்.

இப்போது பணம் இருக்கும் இடங்கள். மத்திய கலாசார அமைச்சகத்தில் நட்புறவுக் கலாசாரக் கழகங்களுக்கென்றே ஒரு மானியம் இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இருப்பது உண்மைதான். ஆனால் அது வெளிநாடுகளில் இயங்கும் இந்திய நட்புறவுக் கழகங்களுக்கு, அங்குள்ள நம் தூதரகங்கள் வழியாகப் போவது. கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கும் கழகத்துக்குப் பொருந்தாது. உங்களோடு தொடர்பில் இருக்கும் அந்நாட்டுக் கழகத்துக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் பிழைத்தால் உங்களுக்கும் கூட்டாளி மிஞ்சுவார். உள்நாட்டுச் சங்கங்களுக்கு அதே அமைச்சகத்தில் கலைநிகழ்ச்சி, கருத்தரங்கு, கண்காட்சிக்கான உதவி தனியாக உண்டு. பதிவுச் சான்று, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் தர்பன் தளத்தின் அடையாள எண் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மொத்தப் பணமும் முதலிலேயே வந்துவிடும் என்று எண்ணி மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கடைசித் தவணை, ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் போன பிறகுதான்.

அடுத்தது தூதரகம். நட்புறவுக் கழகங்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். சென்னையிலுள்ள துணைத் தூதரகம் ஆண்டுவிழாவுக்கு 50,000 ரூபாய் காசோலை கொடுக்கிறது என்று வையுங்கள். ரூபாயில்தானே தருகிறார்கள், நம் ஊர் வங்கிக் காசோலைதானே என்று வாங்கிப் போட்டுவிடுவோம். அன்னிய அரசு கொடுக்கும் பணம் எந்த நாணயத்தில் வந்தாலும் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. பதிவுக்குக் கழகம் மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் 15 லட்ச ரூபாய் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். சிறிய கழகங்களுக்கு எட்டாத தொகை. குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட பணி என்று முன்அனுமதி கேட்பதே உங்களுக்குச் சரியான வழி. கிடைத்தாலும் பணம் டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் பாங்க் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நான் மேலே சொன்ன உதவியாளரின் சம்பளம் பெரும்பாலும் அந்த 20-க்குள்தான் அடங்கும். அதனால் அவரை இந்தப் பணத்தில் வைக்காதீர்கள்.

அவருக்கு ஏற்றது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.). ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய, ஜப்பானியக் கம்பெனிகள் நிறைய. பங்குகள் வெளிநாட்டார் கையில் இருந்தாலும், அன்னிய நேரடி முதலீட்டு வரம்புக்குள் இயங்கும் இந்தியக் கம்பெனி 2016 திருத்தத்துக்குப் பிறகு 'அன்னிய மூலம்' ஆகாது. எதற்கும் இதைக் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 'நட்புறவு' என்ற சொல்லுக்கு அவர்கள் நிதி கொடுக்க முடியாது. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கும் கல்வி, தொழில்திறன், பொது நூலகம், பாரம்பரியக் கலை ஆகிய சொற்களில் உங்கள் பணியை எழுதவேண்டும். பலன் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சி.எஸ்.ஆர்.-1 பதிவும் அதற்குமுன் வருமான வரிப் பதிவுகளும் இருக்கவேண்டும்.

கம்பெனியிடம் கொண்டுபோகும் அந்தத் திட்டத்துக்கு மொழி வகுப்பைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை. உங்கள் வயதுக்காரர்களுக்கு 'சோவியத் நாடு' இதழ் நினைவிருக்கும். அதன் வழவழப்பான தாளில்தான் எத்தனையோ வீடுகளில் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கொள்ளை மலிவாகக் கிடைத்தன. இஸ்கஸ் என்று எல்லோரும் அழைத்த இந்திய சோவியத் கலாச்சாரக் கழகம் சிற்றூர்கள்வரை கிளை பரப்பியிருந்தது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனதும் புத்தகமும் இதழும் நின்றன. பிறகு அந்தச் சங்கங்கள் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்பவில்லை. அன்பு இல்லாமலா? உண்மையான அன்பு இருந்தது. ஆனால் அதற்கு யாரும் உள்ளூரில் சந்தா கட்டிப் பழகவில்லை.

இதற்கு மாறாக, சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பைப் பாருங்கள். தோசோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் கூடி ஆரம்பித்தது. வருடத்துக்கொரு விருந்து என்று நின்றிருந்தால் இன்று நமக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறார்கள், ஜே.எல்.பி.டி. என்ற அம்மொழித் திறன் தேர்வும் நடத்துகிறார்கள். வேலைக்காக மொழி படிக்க வருகிற பிள்ளை கட்டணம் கட்டுகிறது. அல்லியான்ஸ் பிரான்சேஸ் 1883-இல் பாரீசில் தொடங்கி உலகமெங்கும் பரவியதும் இதேபோல் பிரெஞ்சு வகுப்புகளின் பலத்தில்தான். நீங்கள் தேடும் இளைஞர்கள் கலைவிழா மேடைக்கு எதிரே இல்லை; சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு மொழி வகுப்பு வாசலில் நிற்கிறார்கள். கட்டணத்தோடு ஒரு வருட உறுப்பினர் அட்டையையும் கொடுங்கள். வகுப்பு முடிந்த பின் இரண்டாம் வருடச் சந்தாவை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த செயற்குழுவுக்கு ஆள் அவர்களுக்குள்ளேயே இருப்பார்கள்.

விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், மானியக் காலம் முடிந்த பின் பணி எப்படித் தொடரும் என்று கேட்டிருப்பார்கள். 'நன்கொடைகள் திரட்டித் தொடர்வோம்' என்று எழுதினால் அந்தத் தாள் நிராகரித்தவற்றின் அடுக்குக்குப் போய்விடும். முதல் வருடம் உதவியாளர் சம்பளம் முழுக்க மானியத்தில், இரண்டாம் வருடம் பாதி வகுப்புக் கட்டணத்தில், மூன்றாம் வருடம் முழுக்கச் சந்தாவிலும் கட்டணத்திலும் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எத்தனை மாணவர், எத்தனை சந்தா என்று எண்ணும் போடுங்கள். அந்த எண்ணைக் கூசாமல் எழுத முடிகிறதா என்பது மேஜைமேல் இருக்கும் அந்த உறுப்பினர் பதிவேட்டைப் பொறுத்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் இரண்டு பேரை உட்கார வைத்து முதல் பக்கத்திலிருந்து போன் போட ஆரம்பியுங்கள்.