எடு, கழற்று, நீக்கு: கம்ப்யூட்டரில் பிரிக்கும் சொற்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பைலைத் திறப்பதையும் சேமிப்பதையும் விரைவில் பழகிவிடுகிறார்கள். பிரித்தெடுக்கும் சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். ரிமூவ், டெலீட், எஜெக்ட், டிஸ்கனெக்ட், அன்இன்ஸ்டால் என எல்லாவற்றுக்கும் நாம் ‘எடு’, ‘நீக்கு’ என்றே பொருள் சொல்லிக்கொள்கிறோம். கம்ப்யூட்டருக்கோ ஒவ்வொன்றும் வேறு கட்டளை.

இதனை நான் என் தவறிலிருந்தே கற்றேன். ஊரில் அப்பா கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். மறைந்த எங்கள் ஆச்சியின் படங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன. அவற்றைப் பார்த்து முடித்துவிட்டு போன் செய்தார். வேலை அவசரத்தில், “பென் டிரைவை ரிமூவ் பண்ணிடுங்கப்பா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ரிமூவ் என்றால் நீக்கு என்று அவருக்குத் தெரியும். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்திவிட்டார். காலியான பென் டிரைவில் பழைய பாடல்களையும் காப்பி செய்துகொண்டார். “நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டேன் தம்பி” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரிமூவ்: ஒன்றை அது இருக்கும் இடத்திலிருந்து எடுப்பது. எங்கிருந்து என்பதை ‘ஃப்ரம்’ சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ரிமூவ் த பென் டிரைவ் ஃப்ரம் த கம்ப்யூட்டர்’ என்று சொன்னால் குழப்பமில்லை. எடுத்த பொருள் அழியுமா, இருக்குமா என்பதை இச்சொல் சொல்லாது. கூகுள் போட்டோஸில் உங்கள் படம் ஒன்றுக்கு ‘ரிமூவ் ஃப்ரம் ஆல்பம்’ கொடுத்தால், படம் ஆல்பத்தை விட்டு மட்டும் போகும். உங்கள் தொகுப்பில் அப்படியே இருக்கும்.

டெலீட்: அழிப்பது. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலை அழித்தால் அது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லும்; திரும்ப எடுக்கலாம். பென் டிரைவில் உள்ள பைலை அழித்தால் வழக்கமாக அங்கே செல்லாது. அப்பாவுக்கு நேர்ந்தது இதுதான்.

எஜெக்ட்: வெளியே எறிதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. போர் விமானத்திலிருந்து விமானி இருக்கையுடன் வெளியே வீசப்படுவதற்கும் இதே சொல்தான். சிடி டிரைவில் எஜெக்ட் கொடுத்தால் தட்டு வெளியே வரும். பென் டிரைவ் அப்படித் துள்ளி வராது. எழுத வேண்டிய தகவல் மீதி இருந்தால் விண்டோஸ் அதனை எழுதி முடித்து, “இனி எடுக்கலாம்” என்று அறிவிக்கும். பிறகு கையால் எடுக்க வேண்டும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், எஜெக்ட் கொடுக்காமலும் எடுக்க இடம் தரும் ‘குவிக் ரிமூவல்’ முறையே தானாக அமைந்திருக்கிறது. ஆனாலும் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பைல் கெட்டுப்போகலாம். எனவே எஜெக்ட் கொடுத்தே பழகுங்கள்.

அன்பிளக், டிஸ்கனெக்ட்: அன்பிளக் என்றால் செருகியிருப்பதைக் கையால் பிடுங்குவது. டிஸ்கனெக்ட் என்றால் தொடர்பைத் துண்டிப்பது. கண்ணுக்குத் தெரியும் வயர் இருக்க வேண்டியதில்லை. இதற்கும் ‘ஃப்ரம்’ வரும்: ‘டிஸ்கனெக்ட் ஃப்ரம் த நெட்வொர்க்’. வைஃபையில் டிஸ்கனெக்ட் கொடுத்தால் பாஸ்வேர்ட் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும். ‘ஃபர்கெட்’ கொடுத்தால் அதுவும் போய்விடும். மறுபடி தர வேண்டும்.

அன்இன்ஸ்டால்: நிறுவிய புரோகிராமைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுப்பது. டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட் ஐகானை டெலீட் செய்துவிட்டு, புரோகிராம் போய்விட்டது என்று நினைப்பவர்கள் பலர். போனது ஐகான் மட்டுமே. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று அன்இன்ஸ்டால் கொடுக்க வேண்டும்.

சைன் அவுட்: உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுவது. இதற்கு ‘ஆஃப்’ என்ற சொல் சேரும்: ‘சைன் அவுட் ஆஃப் யுவர் அக்கவுன்ட்’. பிறர் கம்ப்யூட்டரில் மெயில் பார்த்தால் விண்டோவை மூடினால் போதாது. சைன் அவுட் கொடுத்தே எழுந்திருங்கள்.

ஓர் எளிய வழி சொல்கிறேன். ‘அன்’, ‘டிஸ்’ என்று தொடங்கும் சொற்கள் முன்பு செய்த செயலைத் திருப்புகின்றன. பிளக் - அன்பிளக், கனெக்ட் - டிஸ்கனெக்ட், இன்ஸ்டால் - அன்இன்ஸ்டால். பெரும்பாலும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். டெலீட், ஃபார்மட் என்ற சொற்களைப் பார்த்தால் மட்டும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஆச்சியின் படங்கள் என்னவாயின? பைலை அழித்தால் அதன் இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, தகவல் உடனே மறைவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் போகிறது. “இனி அதில் எதையும் போடாதீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மீட்பு சாப்ட்வேரை ஓட்டினேன். பெரும்பாலான படங்கள் கிடைத்தன. பாடல்கள் ஏறிய இடத்தில் இருந்த பதினொரு படங்கள் வரவில்லை.

இப்போதெல்லாம் அப்பாவுக்கு போனில் ரிமூவ் என்று சொல்வதில்லை. “முதலில் எஜெக்ட் கொடுங்க, அப்புறம் கையால உருவுங்க” என்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன், முக்கியமான படங்களை இரண்டு இடங்களில் காப்பி செய்து வையுங்கள்.