ஹோர்ட்டன் சமவெளியும் நம்ம பிள்ளைகளின் தொழிலும்



விடியுமுன்னமே நுவரெலியாவிலிருந்து வேன்கள் பட்டிப்பொல பக்கம் ஏறுகின்றன. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் வந்து 'உலக முடிவு' பள்ளத்தை மூடிவிடும் என்பதால்தான் இந்த அவசரம். மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இந்தப் பயணத்தால் பக்கத்துத் தோட்டங்களுக்கு வரும் வருமானம் மிகக் குறைவு. இதை மாற்ற முடியுமா என்பதே இம்முறைப் பாடம்.

அங்கே என்ன இருக்கிறது?

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பரப்பளவு ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர். 1988ல் தேசிய பூங்காவாயிற்று. 2010ல் யுனெஸ்கோ இதை மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் சேர்த்தது. மரை, சிறுத்தை, தேவாங்கு எல்லாம் இங்கே உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மலைகளிலிருந்து நீர் போகிறது. காடு பனியைப் பிடித்துத் தண்ணீராக்கி மண்ணுக்குக் கொடுக்கிறது. காடு அழிந்தால் நம்ம பீலியும் வற்றிப்போகும்.

சூழல்சார் சுற்றுலா என்றால் என்ன?

ஆட்கள் கூட்டமாக வந்து போவது மட்டும் சூழல்சார் சுற்றுலா ஆகாது. இயற்கை கெடக்கூடாது, வருகிறவர் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும், பக்கத்தில் வாழும் சனங்களுக்கும் வருமானம் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பேர் பொருந்தும். முதல் இரண்டுக்கும் விதிகள் இருக்கின்றன. உதாரணமாக, வாசலிலேயே பையைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். மூன்றாவதுதான் நமக்கு இன்னும் சரியாகக் கிட்டவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. வழிகாட்டித் தொழில். இதற்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாதையும் பறவையும் நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். ஆங்கிலமும் சிங்களமும் பேசப் பழகினால் கொழும்புக் கடைகளுக்குப் போகாமல் ஊரிலேயே பிழைக்கலாம்.

2. சாப்பாடு. ரொட்டி, சம்பல், நல்ல தேத்தண்ணி போதும். சுத்தம்தான் முக்கியம். பெண்கள் சங்கமாகச் சேர்ந்து செய்தால் கணக்கும் ஒழுங்காக இருக்கும்.

3. தேயிலையைக் காட்டுவது. கொழுந்து எடுப்பது, மட்டம் வைப்பது, கவ்வாத்து எல்லாவற்றையும் அறிய ஆசைப்படுகிறார்கள். ஆனால் வேலை செய்கிறவரைக் கேட்காமல் படம் எடுக்க விடக்கூடாது. நாம் காட்சிப் பொருள் அல்ல.

தடைகள்

லயத்து வீட்டுக்கு நம்மில் பலரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே ஆட்களைத் தங்க வைக்க நினைத்தால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கடன் வாங்கிக் கட்டடம் போடாதீங்க.

நம்ம பக்கத்திலும் கடமை உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கிச் செத்தது. பன்றிக்கு வைத்த சுருக்கு சிறுத்தைக்கும் எமன்தான். சிறுத்தை உயிரோடு இருந்தால்தான் அதைத் தேடி ஆள் வரும், நமக்கும் தொழில் வரும்.

கலந்து பேசுவோம்

- நம்ம தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு வழிகாட்டிப் பயிற்சியில் விருப்பம்?
- நம்ம பீலித் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது?
- சுருக்கு வைப்பதை நிறுத்த யார் யாரோடு பேச வேண்டும்?

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் இதை வாசித்துப் பேசுங்கள்.